எடுப்பாள், பேசமாட்டாள்

சங்கரன்கோவில் மருதப்பன் ஜவுளிக்கடைக்குப் போன் போட்டால் மணி அடிக்கும், எடுப்பார்கள், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வராது. ஐப்பசி பிறந்ததிலிருந்து இதே கூத்துதான். கடையநல்லூர், புளியங்குடி, திருவேங்கடம், ராயகிரி என்று நாலா திசையிலிருந்தும் வியாபாரிகள் கூப்பிட்டார்கள், ஹலோ ஹலோ என்று தொண்டை வறளக் கத்தினார்கள், கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். போனை எடுக்கும் சங்கரேஸ்வரிக்குத் தங்கள் மேல் ஏதோ கோபம்.

போன் கெட்டுப்போயிருக்கலாம் என்று ஒருத்தர் மண்டையிலாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அதற்குக் காரணம் பாதி சங்கரேஸ்வரியேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள், அழமாட்டாள், சாமான்களை உருட்டமாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள். முதலாளி மருதப்பன் அண்ணாச்சி ஒரு தடவை நாலு வாடிக்கைக்காரர்களை வைத்துக்கொண்டு “உனக்கு என்னட்டி தெரியும்” என்று கேட்டுவிட்டார். அந்தப் பங்குனி மாதம் முழுக்க அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. விலை கேட்க வேண்டுமென்றால் மூட்டை கட்டும் சண்முகையாவைப் பார்த்து, இன்றைக்கு எண்பதாம் நம்பர் சேலை என்ன விலையாம் என்று கேட்பாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி, “சொல்லு சண்முகையா” என்று ஆரம்பித்து விலையைச் சொல்வார். சண்முகையா கையில் கயிற்றை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் தலையாட்டிக்கொண்டு நிற்பார். இந்தக் கதை கடைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் போனில் சத்தம் வரவில்லை என்றதும் ஒருத்தருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

சங்கரேஸ்வரி அந்தக் கடைக்கு வந்தபோது கைக்குழந்தைக்காரி. புருசன் வீட்டைவிட்டுப் போயிருந்தான். மருதப்பன் அண்ணாச்சிதான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். முதலில் சேலை மடிக்கத்தான் போட்டார். ஒருநாள் போன் எடுக்க ஆளில்லாமல் அவள் எடுத்துப் பேச, எதிர்ப்பக்கம் இருந்த சிவகிரி வியாபாரி, பேரம் பேச வந்தவன், பேரத்தை மறந்துவிட்டு அவள் சொன்ன விலைக்கே சரக்கை எடுத்துக்கொண்டான். குரல் அப்படி. இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. உறுதியான குரல். அவள் ஒரு விலையைச் சொன்னால் அதற்குக் கீழே ஒரு விலை உலகத்தில் கிடையாது என்று கேட்கிறவனுக்குத் தோன்றிவிடும். அன்றைக்கு அண்ணாச்சி அவளைப் போன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். அவளுடைய மகன் வளர்ந்து, படித்து, கல்யாணம் முடிந்து திருப்பூருக்குப் போய்விட்டான். அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தக் கடையில் விலையை எழுதிப் போடும் பழக்கம் இல்லை. நூல் விலை ஏறினால் சேலை விலையும் ஏறும், இறங்கினால் இறங்கும். காலையில் சாம்பிராணி போட்டு முடித்ததும் அண்ணாச்சி அன்றைய விலையை அவள் காதில் மட்டும் சொல்வார். அதை அவள் வாயால் மட்டும்தான் வெளியே சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு பையன் போனை எடுத்து நேற்றைய விலையைச் சொல்லித் தொலைத்து, ஒரு லாரிச் சரக்கு நஷ்டத்துக்குப் போனது. அதிலிருந்து அண்ணாச்சி போட்ட சட்டம், போனை சங்கரேஸ்வரி தவிர யாரும் தொடக்கூடாது. அவர் உட்பட யாரும் தொடுவதில்லை. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதே சட்டம்தான் இந்த ஐப்பசியில் அவள் கழுத்தைப் பிடித்தது.

பழைய போன் இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. மழை பெய்தால் கரகரக்கும், அவ்வளவுதான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு பெங்களூரிலிருந்து வந்த அண்ணாச்சியின் இளைய மகன் மாரிராஜ்தான் இன்டர்நெட் போன் என்று ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். சங்கரேஸ்வரி மேஜையில் ஒன்று, மேலே குடோனில் ஒன்று, அண்ணாச்சியின் செல்போனுக்குள் ஒரு ஆப். மூன்றும் ஒரே நம்பர். இதற்குப் பேச்சு நடத்துவது சென்னையில் இருக்கும் ஒரு போன் கம்பெனி. அந்தப் பேச்சு ஓடுகிற நெட் லைன் உள்ளூர்க் கம்பெனியுடையது. ஒரு வண்டிக்கு இரண்டு முதலாளி என்றால் அச்சு முறிந்த அன்றைக்குத் தெரியும்.

எதற்கு இருக்கிறதை மாற்ற வேண்டும் என்று அவள் அப்போதே கேட்டாள். மாரிராஜ் சிரித்தான். அண்ணாச்சியும் சிரித்தார். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்த இருவரும் அதை ஞாபகமும் வைத்துக்கொண்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடி இடித்து, கடையில் நெட் லைன் வந்து சேருகிற பெட்டி கருகி நாற்றம் எடுத்தது. நெட் கம்பெனியிலிருந்து நியாஸ் அகமது வந்து புதுப் பெட்டி ஒன்றை மாட்டினான். கடையநல்லூர்க்காரன், கல்யாணமான ஆள், தன்மையானவன், பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று நம்புகிறவன். விளக்கு எரிந்தது. அவன் போய்விட்டான். அடுத்த போன் வந்தபோது ஆரம்பித்தது சனியன்.

அவளுக்கு எல்லாம் கேட்டது. அதுதான் கொடுமை. இரண்டு பக்கமும் கேட்காவிட்டால் போன் செத்துப்போனது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம் தும்மினால்கூட அவள் காதில் விழுந்தது. அவள் சொல்வது மட்டும் போய்ச் சேரவில்லை. “கேக்கு, கேக்கு, சொல்லுங்க” என்று இவள் இங்கே மேஜையைத் தட்டிக் கத்துவாள். அங்கே அவர்கள், “எடுத்துட்டாங்க, ஆனா பேச மாட்டேங்காங்க” என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வார்கள். தெருவில் போகிறவர்கள்கூட நின்று கடைக்குள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அவள் கத்தினாள்.

சரி, பேசவில்லை என்றால் போனை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? போகமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒருத்தர் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சமாதானம் சொல்லாமல் விட்டால் அது நாளைக்குப் பெரிய வம்பாகிவிடும். ஆகவே அவரவர் தங்கள் மனசில் இருந்த குற்றத்தைத் தோண்டி எடுத்து அவளிடம் ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். திருவேங்கடத்துக் கடைக்காரர், சித்திரையில் டேமேஜ் என்று திருப்பி அனுப்பிய கட்டு உண்மையில் தன் கடையில் எலி கடித்தது என்று ஒத்துக்கொண்டார். புளியங்குடிக்காரர், ராஜபாளையத்தில் ஒரே ஒரு தடவைதான் சரக்கு எடுத்தேன், அதுவும் தரமில்லை, யார் உன்னிடம் போட்டுக்கொடுத்தது என்று கேட்டார். ராயகிரிக்காரர் மன்னிப்புக் கேட்கிற சாதி இல்லை. அவர் திட்டினார். அவள் இங்கே பதிலுக்குத் திட்டியதும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

கடையநல்லூர் மகபூப் பீவிதான் அவளை அழவைத்தாள். வீட்டில் வைத்தே சேலை விற்கிறவள். தினமும் காலையில் கூப்பிடுவாள், விலையைக் கேட்பாள், அப்படியே வீட்டுக் கதை நாட்டுக் கதை எல்லாம் பேசுவாள். அவளும் முதல் நாள் ஹலோ சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் அவள் குரல் உடைந்துவிட்டது.

“உம் மவன் கல்யாணத்துக்கு நான் வரலைன்னுதானே மக்கா? அன்னைக்கு எங்க மாமா மௌத்தாயிட்டாவ. நல்ல நாளும் அதுவுமா சொல்ல வேண்டாமேன்னு சொல்லாம விட்டுட்டேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

“ஐயோ அக்கா, எனக்குக் கோவமே இல்லக்கா” என்று சங்கரேஸ்வரி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். மகபூப் பீவி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

உடனே அவள் தன் சொந்தச் செல்போனை எடுத்து மகபூப் பீவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மற்றவர்களையும் அப்படியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அதில் வந்தது அடுத்த வினை. வியாபாரிகள் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, உங்கள் கடை அம்மா சொந்தப் போனில் நன்றாகப் பேசுகிறாள், கடைப் போனில்தான் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி கணக்குப் போட்டார். புதுப் போன் வேண்டாம் என்றாள். புதுப் போனில் பேசமாட்டேன் என்கிறாள். அப்படியானால் இது வீம்பு.

“அண்ணாச்சி, நான் பேசுதேன், அங்க போகமாட்டேங்கு” என்றாள் அவள்.

அவர் நம்பாத ஆள் இல்லை. சோதித்துப் பார்க்கிற ஆள். கடைக்கு நடுவில் நின்று தன் செல்போனை எடுத்து அந்த ஆப்பை அழுத்தினார். அவள் மேஜையில் மணி அடித்தது. எடுத்து ஹலோ என்றாள். அவர் செல்போனிலிருந்து அவள் குரல் கணீரென்று வந்தது. சண்முகையாவை மேலே அனுப்பி, குடோன் போனிலிருந்து அவளைக் கூப்பிடச் சொன்னார். அதுவும் கணீர். அண்ணாச்சி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் ரெண்டு வார்த்தை வைதிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் செல்போன் கடைக்குள் வந்ததும் கடை வைஃபையில் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதும், அதனால் அந்தச் சோதனையெல்லாம் ஒரே வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் குரல் கொடுத்த மாதிரிதான் என்பதும் அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. நியாஸ் அகமதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் வந்து பெட்டியை அணைத்து எரியவிட்டான். வயரை மாற்றினான். ரிசீவரைக் கழற்றி வேறு மாட்டினான். பிறகு அவனும் அதே அண்ணாச்சி செல்போனை வாங்கி அதே கடைக்குள் நின்று அதே சோதனையைச் செய்தான். தன் போனில் நெட் வேகத்தைக் காட்டும் முள் ஒன்றைக் காட்டி, நெட் பக்கா அக்கா, இது போன் கம்பெனி கோளாறு என்றான். வேகத்தை இங்கே யார் கேட்டார்கள்?

போன் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அவள் கடைப் போனிலிருந்தே அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். “வணக்கம், சொல்லுங்க மேடம்... ஹலோ... உங்கள் தரப்பிலிருந்து பதில் இல்லாததால் இந்த அழைப்பைத் துண்டிக்கிறோம்.” துண்டித்துவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அண்ணாச்சி செல்போனுக்குச் செய்தி வேறு அனுப்பினாள். சங்கரேஸ்வரி தன் செல்போனிலிருந்து அடித்தாள். இந்த முறை ஒரு ஆண். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பதிவு செய்த எண்ணிலிருந்து மட்டும்தான் புகாரை எடுப்போம் என்றான். பதிவு செய்த எண் எது? கடைப் போன். அதில் பேசினால் கேட்கவில்லை என்பதுதானே தம்பி புகாரே என்றாள். அதற்கு அவன், புரிகிறது மேடம், பதிவு செய்த எண்ணிலிருந்து அழையுங்கள் என்றான். ஒரு வாரம் இப்படி அலைக்கழித்து, கடைசியில் மாரிராஜே பெங்களூரிலிருந்து பேசி ஒரு ஆளைப் பிடித்தான். அந்த ஆள், எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் நெட் கம்பெனியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

புதுப் பெட்டி வந்த நாளிலிருந்துதான் இது என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் சரி சரி என்றார்கள். அவள் சொல்வது கடைப் போனில் மட்டும்தான் போய்ச் சேரவில்லை என்றில்லை, நேரிலும் அப்படித்தான்.

அண்ணாச்சி தறிக்காரர்களுக்குக் கொடுக்க நூல் எடுக்க ராஜபாளையம் போன அன்றைக்கு, அங்கிருந்து செல்போனில் அந்த ஆப் வழியாகவே கடையைக் கூப்பிட்டார். அவள் எடுத்தாள்.

“அண்ணாச்சி, சொல்லுங்க, கேக்கு” என்றாள்.

“ஹலோ” என்றார். திரும்பவும் “ஹலோ” என்றார். பிறகு போனை முகத்திலிருந்து விலக்கிப் பக்கத்தில் இருந்த நூல்கடைக்காரரிடம் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“பாத்தீரா வே, எடுத்துட்டா, பேச மாட்டேங்கா. வாயை மூடிக்கிட்டு இருந்தே புருசனை விரட்டுனவ இவ. என் வியாபாரத்தை விரட்ட எம்புட்டு நேரம் ஆகும்?”

நூல்கடைக்காரர் சிரித்தார். லைன் கட்டானது.

சங்கரேஸ்வரி ரிசீவரை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். ஊரில் ஆயிரம் பேர் இப்படிப் பேசியிருக்கிறார்கள், அவளுக்குத் தெரியும். இந்த மனிதர் அப்படிப் பேசுகிறவர் இல்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். புருசன் போன வீட்டுக்கு அரிசி கொடுத்துவிட்டவர். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பக்கத்தில் வந்து நின்றவர். அவர் மனசுக்குள்ளும் அதே பேச்சுதான் கிடந்திருக்கிறது, வெளியே வர ஒரு கெட்டுப்போன போன் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. சண்முகையா என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி விலையைக் காதில் சொல்ல வரவில்லை. தன் இடத்திலிருந்தே பேசினார்.

“வார வெள்ளிக்கிழமையிலேர்ந்து வீட்டுல இருக்க மூத்த மருமக போனைப் பாத்துக்கிடுவா. நீ மேல குடோன்ல மடிப்பைப் பாரு. சம்பளம் அதேதான்.”

சம்பளத்தை யார் கேட்டார்கள்? இருபது வருஷத்துக்கு மேல் இந்த வட்டாரத்து ஜவுளிக்கடைக்காரர்களுக்கு அவள் ஒரு குரல். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, வயசு தெரியாது, புருசன் இருக்கிறானா இல்லையா தெரியாது. சங்கரேஸ்வரி சொன்னால் சரி, அவ்வளவுதான் தெரியும். தெருவில் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் ஒருத்தரும் அந்தப் போன் கம்பிக்குள் வந்ததில்லை. அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் அந்த நாற்காலிதான். அதிலிருந்து எழுப்பி, ஆரம்பித்த இடத்துக்கே, மடிப்புக்கே போகச் சொல்கிறார்.

வழக்கமாக என்றால் அவள் அன்றையிலிருந்து பேச்சை நிறுத்தியிருப்பாள். ஆனால் அதை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? ஊரே அவள் நிறுத்திவிட்டதாகத்தானே சொல்கிறது? ஒரு மாதமாக நாய் மாதிரிக் கத்திக்கொண்டிருக்கிறவளுக்கு மௌனச் சாமியார் என்று பெயர். எரிச்சல் தலைக்கேறியது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த மனிதர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஹலோ ஹலோவையும் அழுகையையும் வசவையும் வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதற்கு மேல் ஒரு யோசனையும் அவளுக்கு இல்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். “மணி அடிச்சா நீங்களே எடுங்க அண்ணாச்சி. உங்க சட்டத்துல வேற யாரும் எடுக்கக் கூடாதுல்லா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் அவள் பூக்கடைகளைத் தாண்டிவிட்டாள்.

தேரடியில் போய் நின்றபோதுதான் மூச்சு வாங்கியது. வேறு யாராவது கூப்பிடுகிற வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும், நாமே கூப்பிடுவோம் என்று செல்போனை எடுத்துக் கடை நம்பரை அழுத்தினாள். மணி போனது. எடுத்தார்கள். திரையில் நொடி ஓட ஆரம்பித்தது. காதில் ஒன்றும் வரவில்லை. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“ஹலோ” என்றாள், பழக்க தோஷத்தில். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தலைகீழாக விளங்கியது. திருவேங்கடத்துக்காரரும் மகபூப் பீவியும் நின்ற இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள். அவள் இடத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். அவர் கத்துகிறார், அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பேசினால் அவருக்குக் கேட்கும். கேட்டே ஆக வேண்டும்.

“அண்ணாச்சி, நான் சங்கரேஸ்வரிதான். நீங்க எடுத்துட்டீயன்னு எனக்குத் தெரியுது. இப்ப ஹலோ ஹலோன்னு கத்துவீய. எனக்கு ஒண்ணும் கேக்கலை. என்ன அண்ணாச்சி, எடுத்துட்டுப் பேச மாட்டேங்கீய? எம்மேல என்ன கோவம்?”

ஒரு பஸ் போனது. அது போகிறவரை நின்றாள்.

“சரி, பேசாட்டாலும் கேட்டுக்கிட்டுத்தான இருப்பீய. நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ராஜபாளையத்துல நூல்கடையில நின்னு நீங்க சொன்னதையும் கேட்டேன். எம் புருசன் போனது நான் பேசாம இருந்ததுனால இல்ல அண்ணாச்சி. பேசுனதுனால. புனலூர்ல ஒரு குடும்பம் வச்சிருக்கியான்னு அவன் அக்கா, மச்சான், எல்லாருக்கும் முன்னால கேட்டேன். கேட்ட அன்னைக்கே போயிட்டான். அதுக்குப் பொறவுதான் வாயை மூடிக்கிட்டு இருக்கப் படிச்சேன். இதை யார்ட்டயும் சொன்னதில்ல. இப்ப உங்ககிட்டச் சொல்லுதேன். ஏன்னா, இப்ப நீங்க குறுக்க பேச முடியாது.”

வைத்துவிட்டாள். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ வாங்கி, சூடு ஆறுகிற வரைக்கும் நின்று குடித்துவிட்டு, மெதுவாக நடந்து கடைக்கு வந்தாள்.

அண்ணாச்சி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ரிசீவர் இன்னும் இருந்தது. அவர் முதலில் கடையே அதிரக் கத்தினார், அப்புறம் சின்னக் குரலில் ஏதோ சொன்னார், அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை என்று சண்முகையா பின்னால் அவளிடம் சொன்னார். அவளைக் கண்டதும் அண்ணாச்சி எழுந்து தன் இடத்துக்குப் போனார். நேராக அவளைப் பார்க்கவில்லை.

“சண்முகையா” என்றார். “போன் கெட்டுத்தான் போயிருக்குன்னு சொல்லு.”

சண்முகையா திரும்பி அவளிடம், “போன் கெட்டுத்தான் போயிருக்காம்” என்றார். சங்கரேஸ்வரி பையைக் கழற்றித் தன் நாற்காலியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். ஒரு மாதமாக அவள் தொண்டை கிழியச் சொன்னபோது அசையாதது எல்லாம், முதலாளி வாய்ச்சொல் ஒருத்தருக்குப் போய்ச் சேரவில்லை என்றதும் அசைந்தது. அண்ணாச்சி மாரிராஜைப் பிடித்து உலுக்கினார். மாரிராஜ் போன் கம்பெனிக்காரனை உலுக்கினான். நியாஸ் அகமது சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தான். போன் கம்பெனி ஆளும் நெட் கம்பெனி ஆளும் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருத்தரோடு ஒருத்தர் பேசினார்கள். இத்தனை நாளும் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சங்கரேஸ்வரி வழியாகத்தான், சண்முகையா வழியாக விலை கேட்ட மாதிரி.

பேசிய பிறகு வேலை சட்டென்று முடிந்தது. நியாஸ் தன் லேப்டாப்பில் அந்தப் புதுப் பெட்டியின் உள்விவரங்களைத் திறந்து, எங்கோ ஒரு மூலையில் இருந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டான். அவ்வளவுதான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதற்கா ஒரு மாதம்?

“வெளி ஆளோட பேசும்போது, உங்க குரலை இந்த விலாசத்துக்கு அனுப்புங்கன்னு அவங்க சொல்லி அனுப்புதாங்க அக்கா” என்றான் நியாஸ், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. “போனுக்கு ஒத்தாசை பண்ணுதேன்னு இந்தப் பெட்டி நடுவுல புகுந்து அந்த விலாசத்தை மாத்திருது. அவங்க குரல் இங்க வந்துருது. உங்க குரல் வேற எங்கனயோ போயிருது. கடைக்குள்ள பேசுனா அது பெட்டியத் தாண்டாது, அதனால நல்லாக் கேக்கும். நான் வெளிய போயி நின்னு பாத்திருக்கணும் அக்கா.”

ஒரு மாதமாகத் தான் கத்தியது, கெஞ்சியது, ராயகிரிக்காரரைத் திட்டியது எல்லாம் எந்தத் தெரியாத வாசலில் போய் விழுந்ததோ என்று நினைத்தாள். ஒத்தாசை செய்கிறவர்களால்தான் அவளுக்கு எப்போதும் கேடு.

இனி வெளியிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றான் நியாஸ். தன் செல்போனை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். அண்ணாச்சி அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார். தன் செல்போனை நீட்டி வைஃபையை அணைத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். தேரடிப் பக்கம் நடந்து போவது கடையிலிருந்தே தெரிந்தது. கூட்டத்தில் மறைந்தார்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. சங்கரேஸ்வரி எடுத்தாள். நியாஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஹலோ” என்றார் அண்ணாச்சி. பின்னால் பஸ் சத்தம், பூக்காரிகள் சத்தம். “சங்கரி, நீ எடுத்துட்டேன்னு தெரியுது. சரியாயிட்டோ இல்லையோ, உனக்குக் கேக்கும். ராஜபாளையத்துல நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு. மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் இங்கன வந்து நிக்கேன்.”

அவள் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போன் உன்கிட்டதான் இருக்கும். மருமக வரமாட்டா. நீ சொன்னதை நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்.” அவர் நிறுத்தினார். மூச்சு வாங்குவது கேட்டது. “ஹலோ... சங்கரி... ஹலோ...”

நியாஸுக்கு முகம் வெளிறிவிட்டது. “இன்னும் போகலையா அக்கா?” என்று பதறிக்கொண்டு பெட்டி வயரைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

சங்கரேஸ்வரி ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

“பெட்டியத் தொடாதீங்க தம்பி. லைன் நல்லாத்தான் இருக்கு. இப்ப பேசாம இருக்கது நான்.”